ஹார்ட் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம்: நேயர் கருத்துகளைப் படிப்பதும் சொந்தக் கருத்தை எழுதுவதும்

ஹார்ட் ராக் குழு ஒன்றின் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றி நேயர்கள் எழுதியவற்றை வரிசையாகப் படிப்பவருக்குச் சீக்கிரமே குழப்பம் பிடித்துக்கொள்ளும். "முதல் ஆல்பத்தையே மறுபடியும் போட்டுக்காட்டியிருக்கிறார்கள்" என்று ஒருவர் சலித்துக்கொண்டிருப்பார். அடுத்த வரியிலேயே இன்னொருவர், "முதல் ஆல்பத்தில் கேட்ட குழுவை இதில் காணவே இல்லை" என்று வருந்தியிருப்பார். இருவர் காதிலும் விழுந்தது அதே கிட்டார், அதே டிரம்ஸ், அதே குரல். இருவரும் பொய் சொல்லவில்லை. முதல் ஆல்பத்துக்கும் இதற்கும் இடையிலான தூரத்தை ஆளுக்கொரு கோல் கொண்டு அளந்து, அளவை மட்டும் நமக்குச் சொல்லிவிட்டு, கோலைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

முதல் ஆல்பத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு முன்னால் எதுவும் இல்லாததால் அதன் குறைகள்கூட இளமையின் துள்ளலாகக் கொண்டாடப்படும். அதே குறை இரண்டாவதில் தலைகாட்டினால் சரக்கு தீர்ந்துவிட்டதற்குச் சான்றாகிவிடும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கணக்குதான். ஆகவே இரண்டாவது ஆல்பம் பற்றிய எந்தக் கருத்தைப் படித்தாலும், எழுதியவர் எதை எதனோடு ஒப்பிட்டார் என்ற ஒரே கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் யோசனைகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கான வழிகளே.

எது இரண்டாவது என்பதை உறுதிசெய்தல்

இது சிறுபிள்ளைத்தனமான யோசனையாகத் தோன்றலாம். ஆனால் பாதிச் சண்டைகள் இந்த இடத்திலேயே தொடங்குகின்றன. ஏசி/டிசி குழுவின் 'ஹை வோல்டேஜ்' 1975 பிப்ரவரியிலும் 'டி.என்.டி.' அதே ஆண்டு டிசம்பரிலும் ஆஸ்திரேலிய வட்டாரத்தில் மட்டும் வெளிவந்தன. 1976இல் மற்ற நாடுகளுக்கு வந்த 'ஹை வோல்டேஜ்' பெயரில்தான் பழையது. அதிலுள்ள ஒன்பது பாடல்களில் ஏழு 'டி.என்.டி.'யிலிருந்தும் இரண்டு மட்டுமே பழைய 'ஹை வோல்டேஜி'லிருந்தும் எடுக்கப்பட்டவை. அதற்கடுத்த 'டர்ட்டி டீட்ஸ் டன் டர்ட் சீப்' 1976 முடிவதற்குள் பிரிட்டனுக்குப் போய்விட்டது; அமெரிக்காவிலோ 1981இல்தான் வெளியானது. எனவே ஆஸ்திரேலிய நேயர் ஒருவருக்கு இரண்டாவது ஆல்பம் 'டி.என்.டி.', பிரிட்டன் நேயருக்கு 'டர்ட்டி டீட்ஸ்', அந்தக் காலத்து அமெரிக்க நேயருக்கு 1977இல் வந்த 'லெட் தேர் பி ராக்'. மூவரும் "இரண்டாவது ஆல்பத்தில் குழு எவ்வளவு வளர்ந்திருக்கிறது" என்று ஒரே வாக்கியத்தை எழுதினாலும் மூன்று வெவ்வேறு ஆல்பங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கன்ஸ் அன் ரோசஸ் குழுவிலும் இதே சிக்கல் உண்டு. 1988இன் இறுதியில் வந்த 'ஜி என் ஆர் லைஸ்' எட்டே பாடல்கள் கொண்டது. அவற்றில் நான்கு 1986இல் வெளியான சிறு இசைத்தட்டிலிருந்து எடுக்கப்பட்டவை, மற்ற நான்கு அக்கூஸ்டிக் கிட்டாரை முன்னிறுத்திப் புதிதாகப் பதிவுசெய்யப்பட்டவை. இதை இரண்டாவது ஆல்பமாக எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். இதைக் கணக்கில் சேர்க்காமல் 1991 செப்டம்பரில் ஒரே நாளில் வந்த 'யூஸ் யுவர் இல்யூஷன்' இரட்டையரையே முதல் ஆல்பத்தின் உண்மையான வாரிசாகக் கருதுபவர்களும் இருக்கிறார்கள். "இரண்டாவது மிகவும் சுருங்கிவிட்டது" என்ற புகாரும் "இரண்டாவது மிகவும் நீண்டுவிட்டது" என்ற புகாரும் ஒரே குழுவின்மேல் எழுவது இப்படித்தான்.

ஆகவே ஆல்பத்தின் பாடல் பட்டியலையும் வெளியான ஆண்டையும் முதலில் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு, நீங்கள் படிக்கும் கருத்தில் குறிப்பிடப்படும் பாடல்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மறுவெளியீடுகளில் போனஸ் பாடல்கள் ஐந்தாறு ஒட்டிக்கொண்டிருக்கும். "கடைசிப் பகுதி இழுவை" என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் குறைகூறும் அந்தக் கடைசிப் பகுதி அசல் ஆல்பத்தில் இல்லாமலே இருக்கலாம்.

படிப்பதற்கு முன் கேட்டுவிடுதல்

எத்தனை கருத்துகள் கிடைத்தாலும், உங்கள் காது முதலில் தன் வேலையைச் செய்துவிட வேண்டும். பிறர் தீர்ப்பைத் தெரிந்துகொண்ட பிறகு கேட்பவர் அந்தத் தீர்ப்பையும் சேர்த்தே கேட்கிறார். இதற்கு ஆதாரமாக ஒரு சோதனையைச் சொல்லலாம். மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள் கேட்கக் கொடுக்கப்பட்டன. சிலருக்குப் பாடல்கள் மட்டும் தரப்பட்டன. மற்றவர்களுக்கு, தங்கள் கூட்டத்தில் முன்னால் வந்தவர்கள் எந்தப் பாடலை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்ற எண்ணும் காட்டப்பட்டது. எண்ணைப் பார்த்தவர்களிடையே பிரபலமான பாடல்கள் மேலும் பிரபலமாயின. எந்தப் பாடல் உச்சிக்குப் போகும் என்பதோ கூட்டத்துக்குக் கூட்டம் மாறியது. மிக நல்ல பாடல்கள் பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போகவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் மேலே வரவில்லை. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலை. இரண்டாவது ஆல்பங்களில் பெரும்பாலானவை இந்த இடைப்பட்ட வட்டத்திலேயே விழுகின்றன என்பதால், முதல் சில கருத்துகள் எந்தப் பக்கம் சாய்ந்தனவோ அந்தப் பக்கமே பின்னால் வருபவர்களும் சாய்ந்துவிடும் ஆபத்து அவற்றுக்கு அதிகம்.

எனவே எதையும் படிக்காமல், பாடல்களின் வரிசையைக் கலைக்காமல், இரண்டு முறை முழுதாகக் கேளுங்கள். இசைத்தட்டுக் காலத்து ஆல்பமாக இருந்தால் முதல் பக்கம் எந்தப் பாடலில் முடிகிறது என்று பார்த்து, அங்கே சிறிது நிறுத்திவிட்டு மறுபக்கத்தைத் தொடங்குங்கள். குவீன் குழுவின் 1974ஆம் ஆண்டு இரண்டாவது ஆல்பத்துக்கு இது மிகவும் தேவை. அதன் இரு பக்கங்களுக்கும் வெள்ளை, கறுப்பு என்றே பெயர். வெள்ளைப் பக்கத்தில் பிரையன் மே எழுதிய நான்கும் ரோஜர் டெய்லர் எழுதிய ஒன்றும் இருக்க, கறுப்புப் பக்கம் முழுவதும் ஃப்ரெடி மெர்குரியின் பாடல்கள். தட்டைத் திருப்பிப் போட எழுந்த அந்த ஒரு நிமிடத்தில் அன்றைய நேயருக்குக் கிடைத்த மூச்சுவிடும் இடைவெளி, பதினொரு பாடல்களையும் தொடர்ச்சியாக ஓட்டும் இன்றைய நேயருக்குக் கிடைப்பதில்லை. "ஆல்பம் நடுவில் வேறு குழுவாக மாறிவிடுகிறது" என்ற முறையீட்டை நான் படிக்கும்போதெல்லாம், எழுதியவர் அந்த இடைவெளியை அறியாதவர் என்றே ஊகிக்கிறேன்.

மூன்றாவது முறை கேட்கும்போது தாளும் பேனாவும் கையில் இருக்கட்டும். "நன்றாக இருக்கிறது" என்று எழுதுவதால் பின்னால் ஒரு பயனும் இராது. எந்தப் பாடலில் எத்தனையாவது நிமிடத்தில் கவனம் நிமிர்ந்தது, எங்கே கை தானாக அடுத்த பாடலுக்குத் தாவப் பார்த்தது, எந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) பாடல் முடிந்த பிறகும் மண்டைக்குள் ஓடியது என்று நேரக் குறிப்போடு எழுதுங்கள். மூன்று முறைக்குக் குறைவாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதாமல் இருப்பது நல்லது. பழகப் பழக ஒரு பொருள்மீது விருப்பம் கூடுவதை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968லேயே சோதனைகளால் காட்டியிருக்கிறார். முதல் ஆல்பத்தை நூறு முறையும் இரண்டாவதை ஒரு முறையும் கேட்டவருடைய ஒப்பீட்டில் தராசு முன்கூட்டியே சாய்ந்திருக்கிறது. இரண்டாவதை அடுத்து ஐம்பது முறை கேட்டுச் சமன்செய்ய வேண்டும் என்று கேட்பது கொடுமை. ஆனால் அந்தச் சாய்வு இருக்கிறது என்ற நினைவாவது வேண்டும்.

சத்தத்தின் அளவைப் பற்றியும் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஹார்ட் ராக் என்பது சத்தத்தையே ஒரு வாத்தியமாகப் பயன்படுத்தும் இசை. ஒலியைத் தாழ்த்திக் கேட்டால் மனிதக் காதுக்கு முதலில் குறைவது அடிநாதம். இதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து வரைந்தார்கள். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து நெஞ்சில் இடிக்க வேண்டிய ஆல்பத்தை இரவில் மெல்லிய ஒலியில் கேட்டுவிட்டு "சதைப்பற்றே இல்லை" என்று எழுதினால் குற்றம் ஆல்பத்தின்மேல் இல்லை. இன்னொரு பக்கம், இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது ஒன்று மற்றதைவிடச் சற்றே சத்தமாக ஒலித்தாலும், சத்தம் கூடியிருப்பது நமக்குத் தெரியாமலே அதுதான் தெளிவானது, உயிருள்ளது என்று காது நம்பிவிடும். முதல் ஆல்பம் சத்தம் ஏற்றிய ரீமாஸ்டர் பதிப்பாகவும் இரண்டாவது பழைய குறுந்தட்டாகவும் உங்களிடம் இருந்தால், ஒப்பிடும் முன் வால்யூமைத் திருகி இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். கேட்கும் செயலியில் ஒலி அளவைச் சமன்படுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கிக்கொண்டாலும் போதும்.

எந்தப் பதிப்பு என்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பத்தின் கதை நல்ல சான்று. 1969இல் வெளியான அமெரிக்கப் பதிப்பின் தொடக்க வெட்டை, அதாவது ஒலியைத் தட்டில் பள்ளமாகச் செதுக்கும் வேலையை, ராபர்ட் லட்விக் செய்தார். சத்தத்தையும் அடிநாதத்தையும் அவர் தாராளமாக விட்டுவைத்ததால், மலிவான பிளேயர்களில் ஊசி பள்ளத்திலிருந்து தாவியது. நிறுவனம் அதை விலக்கிவிட்டு அடக்கமான வேறொரு வெட்டைக் கொண்டுவந்தது. 'ஆர்.எல்.' என்ற எழுத்துகள் பொறித்த அந்த முதல் தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தட்டைக் கேட்டவரும் பின்னால் வந்த தட்டைக் கேட்டவரும் பாடல்களைப் பற்றி ஒத்துப்போகலாம். ஒலியைப் பற்றி ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் பொருள் இல்லை.

பின்னணியை எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும்

கேட்டு முடித்த பிறகு, ஆல்பம் உருவான சூழலைக் கொஞ்சம் படிக்கலாம். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை மூன்று: இரண்டு ஆல்பங்களுக்கும் நடுவே எவ்வளவு காலம், குழுவில் யார் மாறினார்கள், தயாரிப்பாளர் மாறினாரா.

முதல் ஆல்பத்துக்கான பாடல்கள் பல ஆண்டுகள் சிறு மேடைகளில் அடித்துப் பழுத்தவை. இரண்டாவதற்கு அப்படிப்பட்ட கையிருப்பு இருப்பதில்லை. சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே எழுத வேண்டியிருக்கும். இதிலிருந்து, அவசரம் ஆல்பத்தைக் கெடுக்கும் என்ற முடிவுக்குத் தாவிவிட வேண்டாம். பிளாக் சப்பத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது, இரண்டாவதான 'பாரனாய்ட்' ஏழே மாதத்தில் செப்டம்பரில் வந்தது. லெட் செப்பலினின் முதலும் இரண்டாவதும் 1969 ஜனவரியிலும் அக்டோபரிலும் வந்தன. இரண்டாவது ஆல்பம் பயணத்துக்கு நடுநடுவே வெவ்வேறு ஊர் ஸ்டுடியோக்களில் துண்டு துண்டாகப் பதிவானது. பாஸ்டன் குழுவோ 1976 ஆகஸ்டு முதல் 1978 ஆகஸ்டு வரை இரண்டு முழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அப்படியிருந்தும் ஏறத்தாழ 34 நிமிட நீளமுள்ள அந்த ஆல்பத்தைத் தான் முடித்து நிறைவடைவதற்குள் நிறுவனம் பிடுங்கி வெளியிட்டுவிட்டது என்பது குழுத் தலைவர் டாம் ஷோல்ஸின் குறை. ஒன்பது மாதம் அவசரம், இரண்டு ஆண்டும் அவசரம். "அவசரத்தில் செய்தது கேட்டாலே தெரிகிறது" என்று எழுதும் நேயர் பெரும்பாலும் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் அதைக் கேட்டிருப்பார்.

ஆள் மாற்றம் வேறு விதமானது. அதைக் காதாலேயே உறுதிசெய்துகொள்ளலாம். 'ரஷ்' குழுவின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த ஜான் ரட்சி விலகி, 1974 ஜூலையில் நீல் பேர்ட் வந்து சேர்ந்தார். 1975இன் 'ஃப்ளை பை நைட்' ஆல்பத்தில் டிரம்ஸோடு பெரும்பாலான பாடல் வரிகளும் அவருடையவை. அங்கே "குழு மாறிவிட்டது" என்பது குற்றச்சாட்டு ஆகாது, வெறும் தகவல்தான். மாற்றம் பிடித்ததா இல்லையா என்பதை அதற்குப் பிறகுதான் சொல்ல வேண்டும். தயாரிப்பாளரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயர் மாறியிருந்தால், டிரம்ஸின் ஒலியையும் குரல் நிற்கும் இடத்தையும் இன்னொரு முறை உன்னித்துக் கேளுங்கள்.

கருத்துகளைப் பிரித்துப் படித்தல்

இப்போது கருத்துகளுக்கு வரலாம். நட்சத்திரங்களின் சராசரியை முதலில் மறந்துவிடுங்கள். எழுதும் அளவுக்கு உந்தப்படுபவர்கள் பெரும்பாலும் மிகவும் பிடித்தவர்களும் மிகவும் ஏமாந்தவர்களும்தான். நடுவில் இருப்பவர்கள் ஆல்பத்தைக் கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஐந்தும் ஒன்றுமாக விழுந்த நட்சத்திரங்களின் சராசரி மூன்று என்று வந்தால், அந்த மூன்றை மனத்தார நினைத்தவர் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். நான் முதலில் தேடிப் படிப்பது மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைத்தான். பிடித்ததையும் பிடிக்காததையும் பாடல் பெயரோடு சொல்லும் வழக்கம் அவர்களிடமே அதிகம்.

அடுத்து, கருத்து எழுதப்பட்ட நாளைப் பாருங்கள். வெளியான வாரத்தில் எழுதியவர் எதிர்பார்ப்பைப் பற்றி எழுதுகிறார். இருபது ஆண்டு கழித்து எழுதியவர் அந்தக் குழுவின் பிந்தைய ஆல்பங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறார். லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பத்தை 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 1969 டிசம்பரில் கேலியாகவே விமர்சித்தது. அதே ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது, பின்னாளில் அந்த இதழே அதைச் சிறந்த ஆல்பங்களின் வரிசையில் சேர்த்தது. இதை வைத்து அன்றைய விமர்சகர் முட்டாள் என்று சொல்வது எளிது, ஆனால் சரியல்ல. பதினொரு மாதத்துக்கு முன்னால் வந்த முதல் ஆல்பத்தைத் தவிர வேறு அளவுகோல் அவரிடம் இல்லை. நம்மிடமோ அரை நூற்றாண்டு இருக்கிறது.

பிறகு புகார்களின் வகைக்கு வாருங்கள். "முதல் ஆல்பம் போலவே இருக்கிறது" என்று படித்தால், எது போலவே என்று கேளுங்கள்: கிட்டாரின் தொனியா, பாடல்களின் வேகமா, கட்டமைப்பா, குரலா? வேன் ஹேலன் குழுவின் முதல் ஆல்பம் 1978 பிப்ரவரியிலும் இரண்டாவது 1979 மார்ச்சிலும் வந்தன. தயாரிப்பாளர் இரண்டுக்கும் டெட் டெம்பிள்மன்தான், இரண்டாவதில் உள்ள பாடல்களில் பல முதல் ஆல்பத்துக்கு முந்தைய மேடைக் காலத்தைச் சேர்ந்தவை. ஆகவே போலவே இருப்பதில் வியப்பில்லை. நானும் ஒருகாலத்தில் அதை மிச்சம்மீதி என்று தள்ளிவைத்தவன்தான். முதல் ஆல்பத்தில் மின்கிட்டாரில் தனியாவர்த்தனம் செய்த எட்டி வேன் ஹேலன், இரண்டாவதில் அதே வித்தையை நைலான் நரம்பு கிட்டாரில், மின்சாரத்தின் துணை இல்லாமல் ஒரே ஒரு நிமிடம் வாசித்துக் காட்டுகிறார். அந்த ஒரு நிமிடத்தைச் சரியாகக் கேட்டபின்தான் போலவே என்ற சொல்லை எவ்வளவு சோம்பலாகப் பயன்படுத்தியிருந்தேன் என்பது எனக்கு விளங்கியது.

"விலைபோய்விட்டார்கள்" என்ற புகார் ஹார்ட் ராக் நேயர்களின் செல்லப் புகார். இது பெரும்பாலும் வானொலிக்குப் போன ஒரே ஒரு பாடலைக் கேட்டுவிட்டுச் சொல்லப்படுகிறது. அந்தப் பாடலை எடுத்துவிட்டு மீதி ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். மீதியும் மென்மையாக இருந்தால் புகாரில் உண்மை உண்டு. ஒரு பாடல் மட்டும்தான் இனிக்கிறது என்றால், புகார் ஆல்பத்தைப் பற்றியதாகாது.

"ஒப்புக்குச் சேர்த்த பாடல்கள் அதிகம்" என்பது இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டிய புகார். இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். ஏழெட்டுப் பேரின் கருத்துகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் எந்தப் பாடலை வீண் என்கிறார் என்று ஒரு கட்டத்தில் குறியுங்கள். எல்லாக் கோடுகளும் இரண்டே பாடல்களின் நேரே விழுந்தால் அவை உண்மையிலேயே தேறாத பாடல்களாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒருவர் வீண் என்ற பாடல் இன்னொருவருக்கு உச்சமாக இருந்து, கோடுகள் பட்டியல் முழுக்கச் சிதறினால், ஆல்பத்தில் பலதரப்பட்ட பாடல்கள் இருக்கின்றன என்று பொருள். அதைச் சிலர் கதம்பம் என்பார்கள், சிலர் விருந்து என்பார்கள். இடத்தை நிரப்ப எழுதியதெல்லாம் பலவீனமானது என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். பிளாக் சப்பத்தின் இரண்டாவது ஆல்பத்தில் தலைப்புப் பாடலே, நீளம் போதவில்லை என்பதற்காகக் கடைசி நேரத்தில் சட்டென்று எழுதப்பட்டது. அது பிரிட்டனில் நான்காம் இடம் வரை ஏறி, ஆல்பத்துக்கே தன் பெயரைக் கொடுத்தது.

ஒலிப்பதிவைப் பற்றிய புகாரையும் பாடல்களைப் பற்றிய புகாரையும் தனித்தனிப் பையில் போடுங்கள். 'கிஸ்' குழுவின் இரண்டாவது ஆல்பமான 'ஹாட்டர் தன் ஹெல்' 1974 அக்டோபரில் வந்த நாளிலிருந்தே அதன் ஒலி மங்கலானது, போர்வைக்குள்ளிருந்து கேட்பது போன்றது என்ற பேச்சு உண்டு. அதை விரும்புபவர்களும் இதை மறுப்பதில்லை. சிலர் அந்த மங்கலையே காரணமாகக் காட்டிப் பாடல்களையும் ஒதுக்கிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட ஆல்பத்துக்கு, அதே பாடல்களை மேடையில் வாசித்த பதிவு இருந்தால் கேட்டுவிட்டு வாருங்கள். கிஸ் விஷயத்தில் 1975இன் 'அலைவ்!' அதற்கு உதவும். மேடைப் பதிவில் பாடல் எழுந்து நிற்கிறது என்றால் பழி ஸ்டுடியோவுக்கு. அங்கேயும் படுத்துக்கிடந்தால் பழி பாடலுக்கு.

குரல் மாறிவிட்டது என்ற குறையும் அவ்வப்போது வரும். ஏரோஸ்மித்தின் 1973ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில், தன் இயல்பான குரல்மேல் நம்பிக்கை இல்லாமல் பெரும்பாலான பாடல்களைக் குரலை மாற்றிப் பாடியதாகப் பாடகர் ஸ்டீவன் டைலரே சொல்லியிருக்கிறார். 1974இன் 'கெட் யுவர் விங்ஸ்' வந்தபோதுதான் நாம் இன்று அறிந்த குரல் வெளிப்பட்டது. "இரண்டாவதில் குரலைக் கெடுத்துக்கொண்டார்" என்று அன்று யாராவது எழுதியிருந்தால், வேடத்தை முகமாகவும் முகத்தை வேடமாகவும் அவர் எடுத்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

சொந்தக் கருத்தை எழுதுதல்

முதல் வரியிலேயே உங்கள் அளவுகோலைச் சொல்லிவிடுங்கள். முதல் ஆல்பத்தை எப்போது, எத்தனை முறை கேட்டவர் நீங்கள், இரண்டாவதை எந்தப் பதிப்பில் எத்தனை முறை கேட்டீர்கள், இந்தக் குழுவுக்கு நீங்கள் புதியவரா என்பவற்றை இரண்டு வாக்கியங்களில் அடக்கிவிடலாம். முதல் ஆல்பத்தைக் கேட்காமலே இரண்டாவதைக் கேட்டவர் அதை ஒரு குறையாக நினைத்து மறைக்க வேண்டியதில்லை. பழைய பாசம் கலக்காத காது இந்த விஷயத்தில் கிடைப்பதற்கரியது.

"கிட்டார் வேலை அபாரம், ஆனால் பாடல்கள் சுமார்" என்ற வகை வாக்கியத்தை எந்த ஆல்பத்தின்மேல் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, "இரண்டாவது பாடலில் ரிஃப் நான்கு முறை வந்தபின் டிரம்ஸ் பாதி வேகத்துக்கு இறங்குகிறது, முதல் ஆல்பத்தில் இந்தக் குழு எங்குமே இப்படி நிதானித்ததில்லை, எனக்கு அந்த நிதானம் பிடித்திருக்கிறது" என்று எழுதினால், நிதானம் பிடிக்காத நேயரும் அதிலிருந்து தனக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்வார். உங்களுக்கு நேர்மாறான ரசனை உள்ளவருக்கும் பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதினால் அடைமொழிகள் தாமாகவே குறையும்.

ஒப்பீட்டை மொத்தமாகக் கொட்டாமல், ஒரு பத்தியில் ஆல்பத்தைத் தனியாகவும் இன்னொரு பத்தியில் முதல் ஆல்பத்தோடு வைத்தும் பேசுங்கள். முந்தைய பத்தியில் முதல் ஆல்பத்தின் பெயரே வரக்கூடாது என்று உங்களுக்கு நீங்களே விதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தொடங்கியதும் அது எவ்வளவு கடினம் என்பது தெரியும். பல சமயம் அந்தப் பத்தி மூன்று வரியிலேயே நின்றுவிடும். அப்படி நின்றால் இன்னொரு முறை ஆல்பத்தைக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் அதைக் கடைசியில் கொடுங்கள். முதலில் எண்ணை முடிவுசெய்துவிட்டால் எழுதும் வாக்கியங்கள் எல்லாம் அந்த எண்ணுக்கு வக்கீல்களாகிவிடும். மாற்றுக் கருத்து வந்தால், அவர் கேட்ட பதிப்பு எது, எந்தப் பாடலைச் சொல்கிறார் என்று மட்டும் கேளுங்கள். பாதிப் பேர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே தங்கள் கருத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். மீதிப் பேரிடமிருந்து நீங்கள் திருத்திக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

எழுதியதன் கீழே தேதியைப் போட்டுவையுங்கள். ஓர் ஆண்டு கழித்து, முடிந்தால் அந்தக் குழுவின் மூன்றாவது ஆல்பம் வந்தபிறகு, இரண்டாவதை மறுபடி கேளுங்கள். கருத்து மாறியிருந்தால் பழையதை அழிக்காமல், அதன் அடியிலேயே புதிய தேதியோடு புதிய வரியைச் சேர்த்துவிடுங்கள்.